ஒரே ஒரு உருப்படிக்கு விலை கேட்பது எப்படி: சுங்கை சிப்புட் லேத் பட்டறையிலிருந்து

"அண்ணே, இது மாதிரி ஒண்ணு செஞ்சா எவ்வளவு வரும்?"

கைப்பேசியை நீட்டியபடி இப்படிக் கேட்டு வருபவர்கள் வாரத்துக்கு மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். திரையில் ஒரு படம் இருக்கும். அளவு இருக்காது, எந்த உலோகம் என்று இருக்காது, எத்தனை வேண்டும் என்பதும் இருக்காது. நான் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். விலை சொல்ல மனமில்லாமல் இழுத்தடிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. தெரியாத விஷயம் ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்காரன் மனதுக்குள் ஒரு தொகையைக் கூட்டி வைப்பான். இரும்பா ஸ்டெயின்லெஸ்ஸா தெரியவில்லையா, ஸ்டெயின்லெஸ் என்றே வைத்துக்கொள்வோம். இந்த ஓட்டைக்குள் பேரிங் போகுமா தெரியவில்லையா, போகும் என்றே வைத்துக்கொள்வோம். இப்படிக் கூட்டிச் சொல்லும் விலை உங்களுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள்.

அப்பா தோட்டத்தில் ஃபிட்டர். என்ஜின் வீட்டில், ரப்பரைத் தகடாக அழுத்தும் ஷீட் ரோலர்களுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நடுவில்தான் நான் ஸ்பேனர் பிடிக்கக் கற்றேன். பிறகு பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் பல வருடம் வேலை. இப்போது என் ஊரான மலேசியா, சுங்கை சிப்புட்டிலேயே, பெரிய ரோட்டுக்குப் பின்னால், சொந்தக் கடை. உருப்படியைச் சுழற்றிக் கடையும் ஒரு லேத்து, சுழலும் கத்தியால் வெட்டும் ஒரு மில்லிங், பழையதாக வாங்கிய, கணினி சொன்னபடி தானே வெட்டும் ஒரு சிஎன்சி மில்லிங். முலாம் பூசுவது, ஹீட் ட்ரீட்மெண்ட், மின்பொறியால் அறுக்கும் வயர் கட் எல்லாம் ஈப்போவுக்கு அனுப்புவேன். விலை கொடுப்பவனாகவும் இருந்திருக்கிறேன், விலை கேட்பவனாகவும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் வந்த ஒரு வேலையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர், செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனையின் குலை அறுக்கிறவர். அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டுவதற்குப் பதிலாக, கழற்றி மாட்டக்கூடிய ஒரு பிடி வேண்டும் என்று யோசித்திருந்தார். கல்லூரியில் படிக்கும் நண்பர் ஒருவர் கணினியில் வரைந்து கொடுத்திருந்தார். யோசனை நல்ல யோசனை. படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று கீழே வரும்.

இது எதற்கு என்று முதலில் சொல்லுங்கள்

நான் கேட்கும் முதல் கேள்வி அளவைப் பற்றியது அல்ல. "இது எங்கே உட்காரும்? என்ன செய்யும்?"

யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் இதைச் சொல்வதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். ரொம்பப் புதிய விஷயம் என்றால், படத்தைக் காட்டும் முன்னால் "வெளியில் காட்டமாட்டேன், வேறொருவருக்குச் செய்து தரமாட்டேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். நல்ல பட்டறை மறுக்காது. காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் மைஐபிஓ என்னும் மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சிறிய கண்டுபிடிப்புகளுக்கு 'யுட்டிலிட்டி இன்னோவேஷன்' என்று தனிச் சான்றிதழே இந்த நாட்டில் உண்டு. ஆனால் வேலை செய்பவனிடம் மட்டும் பயன்பாட்டை மறைக்காதீர்கள். பயன்பாடு தெரிந்தால்தான் எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் விடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

அந்தத் தம்பியிடம் கேட்டபோது ஒரு வார்த்தை சொன்னார்: "காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கிட்டே தூக்கணும்ணே. நுனியில கொஞ்சம் பாரம் ஏறினாலும் கழுத்து போயிரும்." படத்தில் இது எங்கேயும் இல்லை. படத்தில் 'மைல்ட் ஸ்டீல்' என்று எழுதியிருந்தது. உருப்படிக்கு வெட்டி எடுக்கும் கட்டி 90க்கு 65க்கு 50 மில்லிமீட்டர். இரும்பில் அது கிட்டத்தட்ட 2.3 கிலோ, அலுமினியத்தில் 790 கிராம். குடைந்து கழித்த பிறகு இரண்டுமே குறையும், ஆனால் அந்த மூன்று மடங்கு வித்தியாசம் அப்படியே நிற்கும். எதற்கு என்று கேட்காமல் விலை போட்டிருந்தால், கழுத்தை ஒடிக்கிற ஒரு பொருளுக்குச் சரியான விலை சொல்லியிருப்பேன்.

பென்சில் படம் போதும், ஆனால் முழுசாக இருக்க வேண்டும்

கணினி வரைபடம் இல்லை என்று தயங்க வேண்டாம். ஸ்கூல் நோட்டுக் கட்டத்தாளில் வரைந்ததை வைத்தே எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று பார்வை வரையுங்கள். அழகு வேண்டாம். எல்லா அளவும் மில்லிமீட்டரில். ஓட்டை ஒவ்வொன்றின் மையமும் ஒரே விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டை, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலி மாதிரி எழுதினால் பிசகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். மரை உள்ள ஓட்டையை 'ஓட்டை 6' என்று எழுதாமல் 'எம்6 மரை, ஆழம் 15' என்று எழுதுங்கள். எம்6 மரைக்கு நான் 5 மில்லிமீட்டர் ட்ரில் போடுவேன். நீங்கள் 6 என்று எழுதி, நானும் 6 போட்டுவிட்டால் மரை பிடிக்காது.

தாளின் மூலையில் உலோகம், எண்ணிக்கை, தேதி. கூடவே 'ஏ' என்று ஒரு எழுத்து. படத்தைத் திருத்தும்போது அது 'பி' ஆக வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) மூன்று தடவை மாற்றி மாற்றி அனுப்பப்பட்ட படங்களில் எது கடைசி என்று தெரியாமல், பழையதைப் பார்த்து வெட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கட்டி இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

கணினியில் வரைந்திருந்தால், உருப்படியின் முழு 3டி வடிவமும் அளவு மாறாமல் இருக்கும் ஸ்டெப் ஃபைல் அனுப்புங்கள். 3டி பிரிண்டருக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் ஃபைல் எங்களுக்கு உதவாது. அதில் வட்டம் வட்டமாக இருக்காது, சின்னச் சின்ன முக்கோணங்களால் ஒட்டுப் போட்டது போல இருக்கும். ஸ்டெப் ஃபைலோடு ஒரு பிடிஎஃப் படமும் அவசியம் வேண்டும், ஏனென்றால் மரை எது, முக்கியமான அளவு எது என்பது பெரும்பாலும் ஸ்டெப் ஃபைலில் வராது. வரையும் மென்பொருள் இல்லாதவர்களுக்கு ஃப்ரீகேட் இலவசமாகவே கிடைக்கிறது.

3டி பிரிண்டர் வேறு விதத்தில் உதவும். உலோகத்துக்குப் போகும் முன் பிளாஸ்டிக்கில் ஒன்று எடுத்துப் பொருத்திப் பாருங்கள். பிரிண்டர் இல்லையென்றால் பலகையில் செதுக்குங்கள், தடித்த அட்டையை வெட்டி ஒட்டுங்கள். கை நுழைகிறதா, போல்ட்டைத் திருக ஸ்பேனருக்கு இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வகை வாடிக்கையாளர் தேய்ந்த உருப்படியைக் கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு" என்பார். இதே மாதிரி என்றால் தேய்மானத்தையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டிவரும். சிறுதோட்டக்காரர் ஒருவர் பழைய ஷீட் ரோலரின் புஷ்ஷை, அதாவது ஷாஃப்ட் சுழலும் உலோக வளையத்தைக் கொண்டு வந்தார். உள்விட்டம் அளந்தால் 32க்கு மேல் காட்டியது. ஷாஃப்டையும் கொண்டு வாருங்கள் என்றேன். அதில் பேரிங் ஓடாத, தேயாத ஒரு இடத்தைத் தேடி அளந்தால் 31.75. அதாவது ஒண்ணேகால் அங்குலம். வெள்ளைக்காரன் காலத்து மெஷின் எல்லாம் அங்குலக் கணக்குதான். கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்று நட்டதிலிருந்து இந்தப் பக்கம் வந்து இறங்கிய சாமான்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் மரையோடுதான் வந்தன. அரை அங்குல விட்வொர்த் மரையில் ஒரு அங்குலத்துக்கு 12 பல், பல்லின் கோணம் 55 டிகிரி. எம்12 மரையில் பல்லுக்குப் பல் 1.75 மில்லிமீட்டர், கோணம் 60. பார்க்க ஒன்றுபோலத் தெரியும், முடுக்கினால் மரை சிதைந்துவிடும். அதனால் பழைய மெஷினுக்கு உருப்படி கேட்டு வருபவர்கள் அதோடு சேரும் போல்ட், நட், ஷாஃப்ட் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். அதைவிடச் சிறந்த படம் எதுவும் இல்லை.

எந்த அளவு முக்கியம் என்று சிவப்பு மையில் வட்டம் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவும் துல்லியமாக வராது. 38 என்று எழுதினால் 38.07 வரலாம், 37.94 வரலாம். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதைத்தான் டாலரன்ஸ் என்கிறோம். எழுதாமல் விட்டால் பல பட்டறைகள் ஐஎஸ்ஓ 2768 என்ற பொதுக் கணக்கை எடுத்துக்கொள்ளும். அதன் நடுத்தர வகுப்பில் 6க்கு மேல் 30 மில்லிமீட்டர் வரை கூடக் குறைய 0.2, 30க்கு மேல் 120 வரை 0.3. சாதாரண மில்லிங்கில், அவசரம் இல்லாமல் செய்தால், இது தானாகவே வரும். கூடுதல் காசு வாங்க வேண்டியதில்லை.

கல்லூரி நண்பர் வரைந்த படத்தில் எல்லா அளவுக்கும் கூடக் குறைய 0.01 என்று போட்டிருந்தது. கழி நுழையும் ஓட்டைக்கு 38 எச்7. எச்7 என்றால் அந்த ஓட்டை 38.000க்கும் 38.025க்கும் நடுவில் இருக்க வேண்டும். தலைமுடி ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட 0.07 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். செய்ய முடியாதா என்றால் முடியும். ட்ரில் போட்டு, போரிங் ஹெட்டால் சீவி, ஆறவிட்டு, போர் கேஜால் அளந்து, மறுபடி ஒரு இழை சீவி, மறுபடி அளந்து. ஒரு ஓட்டைக்கே காலை போய்விடும். சீவலில் ஒரு தடவை பிசகினால் கட்டி முழுவதும் வீண். அந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் விலை போடுவேன்.

தம்பியைக் கழியைக் கொண்டு வரச் சொன்னேன். வெர்னியரால் பல இடத்தில் அளந்தேன். ஒரு பக்கம் 37.9, இன்னொரு பக்கம் நசுங்கி 38.3. தோட்டத்தில் கிடந்து அடிபட்ட கழி வட்டமாகவா இருக்கும்? 38 எச்7 ஓட்டையை எவ்வளவு பொறுமையாகச் செய்து கொடுத்தாலும் கழி உள்ளே போயிருக்காது. கடைசியில் ஓட்டையை 38.5 ஆக்கி, கூடக் குறைய 0.2 என்று போட்டு, ஒரு பக்கம் நீளமாகப் பிளந்து, இரண்டு எம்6 போல்ட் வைத்து இறுக்கும்படி மாற்றினோம். கழி எப்படி நசுங்கியிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். விலையில் பெரிய பகுதி அந்த ஒரு மாற்றத்திலேயே இறங்கிவிட்டது.

நிஜமாகவே இறுக்கம் தேவைப்படும் இடமும் உண்டு. 6204 பேரிங் உட்காரும் வீடு என்றால் 47 மில்லிமீட்டர், அங்கே நானே எச்7 கேட்பேன். அந்த இடத்துக்கு வட்டம் போடுங்கள். மற்ற இடத்தில் 'பொதுக் கணக்கு போதும்' என்று எழுதுங்கள். பத்து அளவில் ஒன்றுக்கு வட்டம் போட்டு வருகிறவரைப் பார்த்தால், இவர் யோசித்து வந்திருக்கிறார் என்று பட்டறைக்காரனுக்கு ஒரு நிம்மதி வரும்.

விலை உலோகத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது

"ஒரு துண்டு அலுமினியத்துக்கு முன்னூறு வெள்ளியா (ரிங்கிட்)?" என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் கணக்கு இது. பட்டறைக்குப் பட்டறை தொகை மாறும், கணக்குப் போடும் விதம் பெரிதாக மாறாது.

மெஷின் நேரம் மணிக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சிஎன்சிக்கு ப்ரோக்ராம் எழுத 2 மணி நேரம். வைஸில் கட்டி, நேர் பார்த்து, டூல்களை அளந்து தயார் செய்ய ஒன்றரை மணி நேரம். இது மூன்றரை மணி, 210 வெள்ளி. ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் இந்தச் செலவு ஒரே ஒரு தடவைதான். பிறகு உருப்படி ஒன்றை வெட்ட 50 நிமிடம், பிசிறு எடுத்து அளக்க 10 நிமிடம், அது 60 வெள்ளி. உலோகம் 30 வெள்ளி. ஆக ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் 300. ஐந்து என்றால் மொத்தம் 660, ஒன்று 132. இருபது என்றால் மொத்தம் 2,010, ஒன்று 100 வெள்ளி 50 காசு.

ஆகவே விலை கேட்கும்போதே "1, 5, 20, மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முதல் மாதிரிக்கு ஒன்று போதும் என்று நினைப்பீர்கள். ஆனால் இரண்டு செய்வது நல்லது. ஒன்றை உடையும்வரை சோதித்துப் பார்க்கலாம், இன்னொன்று கையில் இருக்கும். இரண்டாவதற்கு மேற்கொண்டு 90 வெள்ளிதான்.

நேரத்தை விழுங்குபவை மூன்று. ஒன்று, உருப்படியைத் திருப்பித் திருப்பிக் கட்டுவது. நான்கு பக்கத்திலும் ஓட்டை வைத்தால் நான்கு தடவை அவிழ்த்துக் கட்டி நேர் பார்க்க வேண்டும். தம்பியின் படத்தில் பெயர் பொறிப்பதற்கென்றே ஒரு பக்கம் தனியாக இருந்தது. அதை ஓட்டை உள்ள பக்கத்துக்கே மாற்றினோம்.

இரண்டாவது, உள்மூலை. மில்லிங் கத்தி உருண்டை. அது குடையும் குழியின் மூலையும் உருண்டையாகத்தான் வரும். சதுர மூலை வேண்டும் என்றால் ஈப்போவுக்கு அனுப்பி மின்பொறியால் அரிக்க வேண்டும், அதற்குத் தனி விலை. மூலையை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரம் என்று சின்னதாக வைத்தால் 3 மில்லிமீட்டர் கத்தி தேவை. 30 மில்லிமீட்டர் ஆழத்தில் அந்தக் கத்தி ஒடிந்துவிடும், ஒடியாமல் போக வேண்டும் என்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். அதே மூலையை நாலரை ஆரம் ஆக்கினால் 8 மில்லிமீட்டர் கத்தி தாராளமாகப் போகும். கத்தியின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குள் ஆழம் இருந்தால் பட்டறைக்காரன் நிம்மதியாக வெட்டுவான். அரிவாளின் அடிப்பகுதி உட்காரும் குழியை அப்படித்தான் மாற்றினோம். அரிவாள் கொல்லுப்பட்டறையில் அடித்தது, அதற்கே சதுர மூலை கிடையாது.

மூன்றாவது பலருக்குத் தோன்றாதது. கட்டியின் தடிமன். படத்தில் முதலில் 51 மில்லிமீட்டர் என்று இருந்தது. எனக்கு உலோகம் தரும் கடையில் 50 உண்டு, அடுத்தது 60. 51க்காக 60 வாங்கி, 9 மில்லிமீட்டரைப் பொடியாக்கிக் குப்பையில் கொட்ட வேண்டும். "50 ஆக்கினால் பரவாயில்லையா?" என்றேன். "எதுக்கு 51 போட்டோம்னே தெரியலண்ணே" என்றார். படம் முடிவாகும் முன்பே பட்டறையில் கேளுங்கள், எந்தத் தடிமனில் கிடைக்கிறது என்று.

உலோகத்தை நீங்கள் சொல்லுங்கள், தெரியாவிட்டால் வேலையைச் சொல்லுங்கள்

சின்ன மாதிரிகளுக்கு நான் பெரும்பாலும் 6061 அலுமினியம் சொல்வேன். வெட்ட எளிது, இலேசு, ஓரளவு உறுதி. அடிக்கடி கழற்றி மாட்டும் போல்ட் இருந்தால் அலுமினிய மரை சீக்கிரம் தேயும், உள்ளே ஹெலிகாயில் என்னும் எஃகுக் கம்பிச் சுருள் மரை வைக்கச் சொல்லுங்கள். பலகாரம் செய்கிற அக்காமார்கள் முறுக்கு அச்சு கேட்டு வந்தால் 304 ஸ்டெயின்லெஸ். அது வெட்டக் கடினம், கத்தி சூடேறும், ஆகவே அலுமினியத்தைவிட நேரம் அதிகம் பிடிக்கும். இதை மனதில் வைத்து விலை கேளுங்கள்.

பித்தளை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால்மரத் தோட்டம் உள்ள ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், இப்போது மறந்துகொண்டு வருகிறார்கள். லேத்துக்காரனுக்குப் பித்தளை ரொம்பப் பிடிக்கும். வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், விலையும் குறைத்துச் சொல்லலாம். கடை தொடங்கிய புதிதில் ரப்பர் பால் தொட்டிக்கு ஒரு வால்வுத் துண்டு கேட்டு வந்தவருக்குப் பித்தளையில் விலை எழுதிவிட்டேன். அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "பாலுக்குப் பக்கத்துல செம்பு, பித்தளை போகக் கூடாதுடா" என்றார். செம்பு துளி கலந்தாலும் ரப்பர் சீக்கிரம் கெட்டு, பிசுபிசுத்துப் போகும். பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா பித்தளையையே அரித்து விரிசல் விடச் செய்யும். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டு ஸ்டெயின்லெஸ்ஸில் புதிதாக எழுதினேன். வந்தவர் 'பாலுக்கு' என்று சொல்லியிருந்ததால்தான் அப்பாவால் பிடிக்க முடிந்தது. வெறும் 'வால்வு' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தத் துண்டு தொட்டிக்குப் போயிருக்கும்.

பூச்சு வேண்டும் என்றால் அதையும் விலை கேட்கும்போதே சொல்லுங்கள். அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் கெட்டிப் படலம் ஏற்றும் அனோடைஸ் செய்தால் அளவு சில மைக்ரான் கூடும், சூடான நாகத்தில் முக்கி எடுத்தால் அதைவிட நிறையவே கூடி மரை அடைத்துக்கொள்ளும். பூச்சுக்குப் பிறகு என்ன அளவு வேண்டும் என்று தெரிந்தால்தான் முன்னால் குறைத்து வெட்ட முடியும். பூச்சுக் கடைகள் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும், ஒன்று கொடுத்தாலும் முப்பது கொடுத்தாலும் அதே காசு. முதல் மாதிரிக்குப் பூச்சு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அனுப்பும் விதம்

தம்பியின் படத்தைத் திருத்திய பிறகு, ஈப்போவில் இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். அவர் புலனத்தில் அனுப்பிய செய்தியை இப்படி எழுதிக் கொடுத்தேன். தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"வணக்கம். செம்பனைக் கழியில் அரிவாளைப் பொருத்தும் பிடி. படம் ஏ, பிடிஎஃபும் ஸ்டெப் ஃபைலும் இணைத்திருக்கிறேன். 6061 அலுமினியம், 50 மில்லிமீட்டர் தகட்டிலிருந்து. எண்ணிக்கை 1, 5, 20, மூன்றுக்கும் தனித்தனி விலை வேண்டும். சிவப்பு வட்டமிட்ட அளவு முக்கியம், மற்றவை ஐஎஸ்ஓ 2768 நடுத்தரம். பூச்சு வேண்டாம், பிசிறு எடுத்தால் போதும். உலோகம் உங்களுடையது. எத்தனை நாளில் கிடைக்கும், விலை எத்தனை நாள் செல்லும், வரி சேர்ந்ததா என்று சொல்லுங்கள். எதை மாற்றினால் விலை குறையும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை வைத்தே எந்தப் பட்டறை படத்தை உண்மையில் படித்தது என்று தெரிந்துகொள்ளலாம். அவருக்கு ஓரிடத்திலிருந்து வெறும் தொகை மட்டும் வந்தது. இன்னோரிடத்திலிருந்து, "மரை ஆழம் 25 போட்டிருக்கிறீர்கள், எம்6க்கு 15 போதும்" என்று வந்தது. அவர்கள் சொன்னது சரி, நான் கவனிக்காமல் விட்டது. அதையும் படத்தில் திருத்திக்கொண்டோம்.

மூன்று பேருக்கும் ஒரே படம், ஒரே வார்த்தை போக வேண்டும். ஒருவரிடம் அலுமினியம், இன்னொருவரிடம் 'ஏதாவது இரும்பு' என்று கேட்டுவிட்டு விலையை ஒப்பிட முடியாது. செபுத் ஹர்கா, அதாவது விலைப்புள்ளித் தாள் கைக்கு வந்ததும் அடித்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். உலோகம் சேர்ந்ததா, போரிங் சேர்ந்ததா, அனுப்பும் செலவு யாருடையது என்று வரி வரியாகப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் எதையோ விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். போன் போட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேலை தொடங்கிய பிறகு விட்டதைக் கண்டுபிடித்தால்தான் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பது வழக்கம்தான். சீனப் பெருநாள் நெருங்கினால் ஈப்போவில் உலோகக் கடையும் முலாம் கடையும் ஒரு வாரம், சில இடத்தில் அதற்கும் மேல் மூடியிருக்கும். ஜனவரியில் கேட்பவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருப்படியை வாங்க வரும் நாளில் அதோடு சேரும் சாமானைக் கொண்டு வந்து, பட்டறையிலேயே பொருத்திப் பாருங்கள். தம்பி கழியையும் அரிவாளையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்தார். கழி சரியாகப் போய் இறுகியது. அரிவாள் ஆடியது. கொல்லர் அடித்த அரிவாள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கொண்டு வந்த இரண்டில் ஒன்றின் அடித்தடிமன் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவு. பக்கவாட்டில் ஒரு மரை போட்டுத் திருகாணியால் அழுத்திக்கொள்ளும்படி அங்கேயே செய்து கொடுத்தேன், படத்தையும் 'பி' என்று மாற்றச் சொன்னேன்.

இரண்டு வாரம் அறுத்துப் பார்த்துவிட்டு, நேற்று சாயந்திரம் மறுபடி வந்தார். கூட வேலை செய்பவர்களுக்கும் சேர்த்து ஐந்து வேண்டுமாம். 'பி' படத்தையே கொண்டு வந்திருந்தார், ஓரத்தில் தேதியும் போட்டிருந்தார். ப்ரோக்ராம் ஏற்கனவே இருக்கிறது, ஒரு ஓட்டை மட்டும் சேர்க்க வேண்டும். முன்பு எழுதிய 2 மணி நேரம் இந்த முறை கால் மணி. ஐந்துக்கு 555 வெள்ளி, ஒன்று 111 என்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் அனுப்ப வேண்டும்.